கையை எப்போது தூக்கலாம்? பேஸ்மேக்கர் வைத்த ஒருவரின் 6 மாதங்கள்: நிகழ்வு ஆய்வு

ஏழாவது வாரம் அவர் அறைக்குள் வரும்போதே இடது கைதான் முதலில் கண்ணில் பட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரும்போதுகூட அந்தக் கை அசையவில்லை, உடம்பு மட்டும் மடங்கியது. அறுவைக் கீறல் நன்றாக ஆறி மெல்லிய கோடாகியிருந்தது. இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்க மார்பில் பொருத்திய பேஸ்மேக்கர் கருவி காட்டிய எண்கள் எல்லாம் சரி. மயக்கம் திரும்ப வரவே இல்லை. எங்கள் கணக்கில் எல்லாம் நல்லபடியாக முடிந்த ஒரு சிகிச்சை. ஆனால் அவரால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. 7 வாரமாக மகள்தான் வாரிவிடுகிறார்.

"கையைத் தூக்கலாம்னு யாரும் சொல்லலையே டாக்டர்."

உண்மைதான். டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். 'இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேஸ்மேக்கர் பொருத்துவது ஒன்றேகால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம்தான் நோயாளியுடையது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி நாங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் 'கூடாது'களாகவே இருக்கின்றன. நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

68 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்தாண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார். சர்க்கரை இல்லை. மூன்று மாதமாகப் படியேறினால் இரைப்பு, அவ்வப்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருவது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு வேறோரிடத்தில் பார்த்தபோது அழுத்தம் 180-க்கு மேல் இருந்ததால், டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். இந்த மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் நாள் திரும்பி வரும்.

பிறகு ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். எப்படி விழுந்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. சில நொடிகளில் தானே எழுந்துவிட்டார். முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல் விழுந்து, சட்டென்று தெளிவாக எழுந்தால் இதயத் துடிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

நாடி நிமிடத்துக்கு 34. அழுத்தம் 196/58. ஈசிஜியில் மேலறைகள் 80 என்ற வேகத்தில் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தன. கீழறைகள் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தம்பாட்டுக்கு 34-ல் துடித்தன. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்.

இந்தப் பெயரால் ஒரு குழப்பம் வழக்கமாக வரும், இங்கும் வந்தது. 'பிளாக்' என்றதும் மகன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அடைப்பு டாக்டர்? ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிடலாமா?" நம்மிடம் 'அடைப்பு' என்றால் ரத்தக்குழாய் அடைப்புதான். இது அது அல்ல. ரத்தம் போகும் குழாயில் கோளாறு இல்லை, மேலறையிலிருந்து கீழறைக்கு 'இப்போது துடி' என்ற செய்தி போகும் மின்பாதை அறுந்துவிட்டது. குழாய் வேலைக்கு ஸ்டென்ட், மின் வேலைக்கு பேஸ்மேக்கர் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால், பேஸ்மேக்கர் வைத்த பிறகும் 'அடைப்பை எடுக்கவே இல்லையே' என்ற கவலை வீட்டில் தங்கிவிடும்.

துடிப்பைக் குறைக்கும் மருந்து எதுவும் அவர் எடுக்கவில்லை. பொட்டாசியம், தைராய்டு, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்று ரத்தச் சோதனைகள் எல்லாம் இயல்பு. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 60 சதவீதம், அதுவும் இயல்பு. சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் கிடைக்காததால் நிரந்தர பேஸ்மேக்கர் என்று முடிவானது.

அறுவை

இதில் சொல்ல அதிகம் இல்லை. கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், தொற்றைத் தடுக்க செஃபசோலின் ஊசி, தோலுக்கு மரத்துப்போக மருந்து. இடது காறையெலும்புக்குக் கீழே சிறு கீறல். செஃபாலிக் சிரையை வெட்டித் திறந்து அதன் வழியாக இரண்டு வயர்களை அனுப்பினோம். ஒன்று வலது மேலறைக்கு, மற்றது வலது கீழறையின் நடுச்சுவருக்கு. இரண்டுமே நுனியில் திருகு உள்ளவை. மார்புத் தசையின் மேலுறைக்கு மேல் ஒரு சிறு பை செய்து, சுமார் 25 கிராம் எடையுள்ள கருவியை அதில் வைத்துத் தைத்தோம். கீழறை வயரின் த்ரெஷோல்டு, அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம், 0.6 வோல்ட். மின்தடை 680 ஓம். இரண்டும் நல்ல எண்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக இருந்தது, வயர்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

முதல் இரவு மட்டும் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தூளியில் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். தூக்கத்தில் கை மேலே போய் வயரை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தூளியோடு அவர் வீட்டுக்குப் போனார். அதைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வாரம் போட்டிருந்தார் என்பது ஏழாவது வாரம்தான் எங்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள்: நீலம்

மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. கருவி இருக்கும் இடத்திலிருந்து மார்பு வரைக்கும், அக்குள் பக்கமும் நீலமும் ஊதாவுமாகப் பரவியிருந்தது. 'உள்ளே ரத்தம் ஓடுதா?' என்று கேட்டிருந்தார்.

நேரில் வரச் சொன்னோம். படத்தில் நிறம்தான் தெரியும், இறுக்கம் தெரியாது. தொட்டுப் பார்த்தபோது கருவியின் விளிம்பு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டது. தோல் தளர்வாக இருந்தது. ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகளில் அவர் ஆஸ்பிரின் மட்டும் எடுத்துவந்தார். தோலடியில் கசிந்த ரத்தம் தானாகவே கீழ்நோக்கி இறங்கும், பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நீலம் பரவுவது பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. பை புடைத்து, தோல் பளபளவென இழுபட்டு, கருவியின் விளிம்பே தெரியாமல், வலி நாளுக்கு நாள் கூடினால் அது ரத்தக்கட்டு. அப்போதும் ஊசி போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சும் ஊசியோடு கிருமியும் உள்ளே போகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களிடம்தான் இந்தக் கட்டு அதிகம். முன்பெல்லாம் அப்படியொரு மருந்தான வார்ஃபரினை நிறுத்திவிட்டு, இடையில் ஹெப்பரின் ஊசி போட்டு அறுவை செய்தார்கள். அதுதான் பாதுகாப்பு என்று நானும் நம்பியிருந்தேன். 2013-ல் வெளியான 'புரூஸ் கண்ட்ரோல்' ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஹெப்பரினுக்கு மாற்றியவர்களில் 16 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக்கட்டு ஏற்பட்டது. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம்தான். அதே குழுவின் அடுத்த ஆய்வில், அப்படி ரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்குப் பின்னாளில் கருவியில் தொற்று வரும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் இருந்தது தெரிந்தது.

தொற்று என்பதை நோயாளிகள் புண்ணில் சீழ் பிடிப்பதைப்போல நினைக்கிறார்கள். ஒரு கோர்ஸ் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று. கருவியில் தொற்று ஏறிவிட்டால் மாத்திரையால் முடியாது. கருவியையும் வயர்களையும் முழுமையாக வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் கீறல் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, தையல் முனை திறந்தாலோ, அது ஐந்தாம் நாளானாலும் ஐந்தாம் மாதமானாலும், தாமாக எந்த மருந்தும் தொடங்காமல் பொருத்திய இடத்துக்கே வரச் சொல்கிறோம். இதை மகளிடம் இரண்டு முறை சொன்னேன். கையைப் பற்றி ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள்: திரும்பி வந்த தலைசுற்றல்

காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கம் போடவில்லை. ஆனால் பழையபடி கண் இருட்டியது. அரை மணி நேரத்தில் குடும்பமே வந்து நின்றது.

"வயர் நகர்ந்துடுச்சா?"

நியாயமான கேள்வி. வயர் இடம்பெயர்வது பெரும்பாலும் முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான். பொருத்திய நுனியைச் சுற்றி இதயத் திசு இன்னும் இறுகியிருக்காது. வயர் நகர்ந்தால் பழைய தலைசுற்றல் திரும்பும். சிலருக்கு விடாத விக்கல், மார்புத் தசையோ வயிறோ துடிப்பின் தாளத்தில் துள்ளுவது. இவருக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் பார்க்காமல் சொல்ல முடியாது.

பேஸ்மேக்கரை வெளியிலிருந்தே படித்து மாற்றும் 'புரோகிராமர்' இயந்திரத்தின் முனையைக் கருவிக்கு மேலே வைத்துச் சோதனையைத் தொடங்கினோம். கீழறை வயருக்குப் போகும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்போம். எந்த அளவில் இதயம் பதில் சொல்லாமல் போகிறதோ, அதற்கு ஒரு படி மேலே உள்ளதுதான் த்ரெஷோல்டு. திரையில் 2, 1.5, 1, 0.75 என்று இறங்கியது. 0.5-ல் கூரான கோடு மட்டும் வந்தது, அதன் பின்னால் வரவேண்டிய துடிப்பு வரவில்லை. அந்த ஒரு கணத்தில் அவர் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். டெக்னீஷியன் விரலை எடுத்ததும் துடிப்பு திரும்பியது. "இப்ப ஒண்ணு விட்டுச்சு இல்ல?" என்றார். விட்டது. சொந்தத் துடிப்பு 36-தான் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு இடைவெளிகூடத் தெரியும். இந்தச் சோதனைக்கு முன் 'ஒரு நொடி தலை லேசாகும், பயப்படாதீங்க' என்று சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை.

த்ரெஷோல்டு 0.75. முதல் நாளைவிடச் சற்றே அதிகம், எதிர்பார்த்ததுதான். நுனியைச் சுற்றித் திசு வீங்கும் முதல் வாரங்களில் அது ஏறும். நுனியில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கசியும் வயர்கள் வந்தபின் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மின்தடை 640 ஓம். எக்ஸ்ரேயில் வயர் மயிரிழைகூட அசையவில்லை. கருவி ஒரு துடிப்பையும் தவறவிடவில்லை.

அப்படியென்றால் தலைசுற்றல் எதனால்? படுக்கவைத்து அழுத்தம் பார்த்தோம், 124/72. எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் 98/60, மூன்றாவது நிமிடத்தில் 92/58. படுத்திருந்ததற்கும் நின்றதற்கும் மேலழுத்தத்தில் 32 வித்தியாசம். 20 வந்தாலே அசாதாரணம் என்கிறோம்.

காரணம் மாத்திரை. முதலில் வந்த 196/58 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். மேலும் கீழுமாக அவ்வளவு இடைவெளி. இதயம் நிமிடத்துக்கு 34 முறைதான் சுருங்கினால், ஒவ்வொரு சுருக்கத்துக்கும் முன்னால் நிரம்ப நிறைய நேரம் கிடைக்கிறது. நிறைய ரத்தம் ஒரே தள்ளில் வெளியேறும், மேலழுத்தம் ஏறும். அடுத்த துடிப்புக்கு முன் வடிய நிறைய நேரம் இருப்பதால் கீழழுத்தம் இறங்கும். அந்த 196-ல் பெரும்பகுதி அவருடைய நிரந்தர ரத்தக்கொதிப்பு அல்ல, மெதுவான நாடியின் விளைவு. பேஸ்மேக்கர் வைத்து நாடி 70-ஐத் தொட்டதும் அது தானாக இறங்கிவிட்டது. ஆனால் மெதுவான நாடியைப் பார்த்துக் கொடுத்த மாத்திரை டிஸ்சார்ஜ் தாளில் அப்படியே தொடர்ந்தது. நாங்கள்தான் தொடரவைத்தோம். வீட்டுக்குப் போகும் அன்று 142/76 இருந்தது, சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம். நிற்கவைத்துப் பார்க்கவில்லை.

புதிய மாத்திரையை நிறுத்தினோம். அம்லோடிபின் மட்டும் தொடர்ந்தது. ஒரு வாரம் கழித்து படுக்கையில் 132/74, நின்று 126/74. தலைசுற்றல் போய்விட்டது.

பேஸ்மேக்கர் வைத்த வாரத்திலேயே பழைய மாத்திரைப் பட்டியல் முழுவதையும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாடி 34-ல் இருந்த உடம்புக்கு எழுதியது நாடி 70-ல் இருக்கும் உடம்புக்குப் பொருந்தாது. எதிர்ப்பக்கமும் உண்டு. நாடி குறைந்துவிடுமே என்று தவிர்த்த மருந்துகளை இப்போது தயங்காமல் கொடுக்கலாம்.

ஆனால் இந்த ஒன்பதாம் நாளுக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது, அது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை. வயர் நகரவில்லை என்று சொல்லி அனுப்பினோம். அவர் கேட்டுக்கொண்டதோ, வயர் நகரக்கூடிய ஒன்று என்பதை. அன்று முதல் கையை முன்பைவிட இறுக்கமாக உடம்போடு சேர்த்துக்கொண்டார்.

பயத்தின் பட்டியல்

ஏழாவது வாரம் நிதானமாக உட்கார்ந்து கேட்டபோதுதான் மற்றதெல்லாம் வந்தது. இரவில் நாற்காலியில் சாய்ந்தே தூங்குகிறார், இடது பக்கம் புரண்டுவிடக் கூடாதே என்று. கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறார். மைக்ரோவேவ் ஓடினால் வெளியே போய் நிற்கிறார். காரில் இருக்கைப் பட்டை போடுவதில்லை. ஷாக் அடிக்கும் என்று யாரோ சொன்னதால் எந்த சுவிட்சையும் இடது கையால் தொடுவதில்லை.

கடைசியிலிருந்து தொடங்கினேன். பேஸ்மேக்கர் ஷாக் அடிக்காது. அது ஐசிடி என்ற வேறு கருவி. இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுப்பது அதுதான். பேஸ்மேக்கர் அனுப்பும் மின்சாரம் அவருக்கே தெரியாத அளவு சிறியது.

கைபேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்தால் போதும். வலது காதில் வைத்துப் பேசலாம், சட்டையின் இடது பையில் போடக் கூடாது. இப்போது வரும் சில கைபேசிகளிலும் அவற்றின் உறைகளிலும் வலுவான காந்தம் இருப்பதால் இந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் இருக்கிறது. காந்தம் நெருங்கினால் கருவி நின்றுவிடாது. இதயம் சொல்வதைக் கேட்காமல், குறித்த ஒரு வேகத்தில் துடிப்பை அனுப்ப ஆரம்பிக்கும். காந்தத்தை விலக்கினால் பழைய நிலைக்கு வரும். மைக்ரோவேவ் பிரச்சினையே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி நிற்கலாம். விமான நிலையச் சோதனை வாயிலில் நிற்காமல் நடந்து போய்விடலாம், கருவியின் அட்டையைக் காட்டி, கையால் பிடிக்கும் சோதனைக் கருவியை மார்பின்மேல் பிடித்து வைக்க வேண்டாம் என்று சொல்லலாம். இருக்கைப் பட்டையைக் கட்டாயம் போட வேண்டும், உறுத்தினால் இடையில் ஒரு துணி. எம்ஆர்ஐ பற்றி மகள் கேட்டார். இவருக்கு வைத்திருக்கும் கருவியும் வயர்களும் எம்ஆர்ஐக்கு ஏற்றவை. ஆனால் எடுக்கும் முன் கருவியை அதற்கான நிலைக்கு மாற்றி, எடுத்தபின் திரும்ப மாற்ற வேண்டும். வழக்கமாக முதல் ஆறு வாரம் தள்ளிப்போடுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"பேத்தி மார்புல சாஞ்சுக்கறா. நான் நகர்ந்துக்கறேன். அவளுக்கு ஏதாவது ஆகுமா?"

தனக்கு அல்ல, பேத்திக்கு. ஏழு வாரமாகக் குழந்தையைத் தள்ளி வைத்திருந்திருக்கிறார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கருவிக்கும் ஒன்றும் ஆகாது என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தோள்

பரிசோதனையில் கை பக்கவாட்டில் 70 பாகைதான் எழுந்தது. முன்பக்கம் 85. வெளிப்பக்கம் திருப்பியதில் 15. அவர் தளர்வாக இருக்க, நான் தூக்கிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் நின்றது. இதுதான் முக்கியம். நோயாளி தூக்க மறுத்து மருத்துவர் தூக்கினால் எழும் தோளில் வலியோ தசைக் கோளாறோ இருக்கலாம். யார் தூக்கினாலும் எழாத தோளில் மூட்டுறையே சுருங்கி ஒட்டியிருக்கிறது. உறைந்த தோள். எக்ஸ்ரேயில் எலும்பு இயல்பு, வயர்களும் அசையவில்லை.

கையை அசைக்காமல் வைப்பதால்தான் வயர் காப்பாற்றப்படுகிறது என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, எங்களிடமும் இருக்கிறது. உண்மையில் தடை சில குறிப்பிட்ட அசைவுகளுக்கு மட்டும்தான். முழங்கையைத் தோள்மட்டத்துக்கு மேல் கொண்டுபோவது, கையைப் பின்னால் வீசி இழுப்பது, கனமானதைத் தூக்குவது. அதுவும் நான்கு முதல் ஆறு வாரம் வரைதான். தோள்மட்டத்துக்குக் கீழே எல்லா அசைவும் முதல் நாளிலிருந்தே செய்யலாம், செய்யவும் வேண்டும். சாப்பிடுவது, பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, பொத்தான் போடுவது எல்லாம் அந்த எல்லைக்குள் வருபவை. முதல் வாரங்களில் மிதமான தோள் பயிற்சி கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் வயர் நகர்வது கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அசையாமல் வைத்த தோள் ஒட்டிக்கொள்வதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். வயதானவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இது இன்னும் எளிதாக வருகிறது.

பிசியோதெரபிக்கு அனுப்பினோம். அனுப்பும் சீட்டில் சிவப்பு மையில் ஒன்றை எழுதினேன்: ஷார்ட்வேவ் டயதர்மி வேண்டாம். தோள் வலி என்று போனால் சூடு வைக்க அதைப் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. அந்த மின்காந்த ஆற்றல் வயரை ஆன்டெனாபோல் பிடித்துக்கொண்டு நுனியில் திசுவைச் சுட்டுவிடும், கருவியையும் கெடுக்கும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு உடம்பின் எந்தப் பகுதியிலும் அதை வைக்கக் கூடாது. நரம்பு வழி வலி குறைக்கும் மின்தூண்டலும் கேட்காமல் வேண்டாம். வெந்நீர்ப் பை தாராளமாக வைக்கலாம்.

பயிற்சி எளிமையானது. முன்னால் குனிந்து, வலது கையை மேசையில் ஊன்றி, இடது கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டுவது. சுவரில் விரல்களால் நடந்து மேலே ஏறுவது. முதல் நாள் விரல் எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவர் மூக்கின் உயரத்தில் இருந்தது அது. முதல் வாரம் கோடு நகரவே இல்லை, வலியில் இரண்டு முறை நிறுத்திவிட்டார். இரண்டாவது வாரம் ஒரு விரல் அகலம் ஏறியது. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்ன பிறகுதான் வேகம் பிடித்தது.

மூன்றாம் மாதம்

முன்பக்கம் 120 பாகை. தலையின் இடது பாதியை அவரே வாரிக்கொண்டார்.

கருவியில் ஒரு மாற்றம் செய்தோம். பொருத்தும்போது கீழறைக்கு 3.5 வோல்ட் வைத்திருந்தோம். தேவை 0.75-தான் என்றாலும், ஆரம்ப வாரங்களின் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டு. இப்போது த்ரெஷோல்டு நிலைத்துவிட்டதால் 2 வோல்ட்டுக்கு இறக்கினோம். ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். எனவே அது மூன்றில் ஒரு பங்காகிறது. கருவி காட்டிய பேட்டரி ஆயுள் 7 ஆண்டிலிருந்து 10-க்கு மேல் போனது. இந்த வருகையைத் தவறவிடுபவர்கள் அதிகம். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வரணும்' என்று நினைக்கிறார்கள். நன்றாக இருக்கும்போது வந்தால்தான் அந்த மூன்று ஆண்டு கிடைக்கும்.

"10 வருஷம் கழிச்சு?" என்றார்.

மறுபடி கீறி, பழைய கருவியைக் கழற்றிப் புதியதை அதே வயர்களில் மாட்டுவோம், வயர் நன்றாக இருந்தால் இதயத்துக்குள் போகவே வேண்டியதில்லை என்றேன். பிறகு ஆர்னே லார்சனைப் பற்றிச் சொன்னேன். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், உடலுக்குள் முழுதாகப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் அவருக்குத்தான் வைக்கப்பட்டது. அறுவை செய்தவர் ஓகே சென்னிங், கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அதன்பின் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள். 2001-ல், 86 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

"இருபத்தாறா!" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தாளில் என்ன மாறியது

டிஸ்சார்ஜ் தாளை மாற்றினோம். 'தூக்கக் கூடாது' என்ற வரியை எடுத்துவிட்டு, அவரவர் அறுவைத் தேதியிலிருந்து கணக்கிட்டு மூன்று தேதிகளைக் கையால் எழுதுகிறோம். தூளியைக் கழற்றும் தேதி, அது மறுநாளே. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க அனுமதிக்கும் தேதி. கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகத் தொடங்க வேண்டிய தேதி. கடைசித் தேதிக்கு 'தூக்கலாம்' என்று எழுதாமல் 'தூக்கத் தொடங்குங்கள்' என்று எழுதச் சொன்னது வார்டு செவிலியர். 'லாம்' போட்டால் யாரும் தூக்க மாட்டார்கள் என்றார். அனுபவம் பேசியது, எழுதிவிட்டோம். தாளின் மறுபக்கத்தில் நின்று எடுத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆறாம் மாதம்

முன்பக்கம் 160 பாகை, பக்கவாட்டில் 150. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது மட்டும் இன்னும் இடுப்பு வரைதான், அதற்கு மேல் வலிக்கிறது. பயிற்சி தொடர்கிறது. படுக்கையில் படுத்தே தூங்குகிறார், இடது பக்கம் சாய்ந்தும்கூட. அழுத்தம் அம்லோடிபினில் மட்டும் 130/76.

கருவியின் பதிவுப்படி கீழறைத் துடிப்பில் 99 சதவீதம் பேஸ்மேக்கர் கொடுத்தது. அவருடைய மின்பாதை மீளவில்லை, மீளும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. வலது கீழறையிலிருந்தே எப்போதும் துடிப்பைத் தொடங்கினால், சிலருக்கு ஆண்டுகள் போகப் போக இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறையக்கூடும். அப்படிக் குறைந்தால் வேறு வகை வயர் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு எக்கோவில் 58 சதவீதம். பன்னிரண்டாம் மாதம் கருவிச் சோதனையோடு எக்கோவும் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறோம்.